யாருடைய பிறை என்று எழுதாத விதி

நவம்பர் 3

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி எழுதப்போகிறேன். முதலில் இங்கே, பிறகு ‘ஒன்பது வாயில்’ மன்றத்தில், எல்லோரும் படிக்கும்படி.

குற்றச்சாட்டு இதுதான்: என் மைத்துனன் தாஹர், நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சொந்த அக்காவின் பாத்திரத்தைக் கொன்றான்.

நவம்பர் 4

நிதானமாக எழுத வேண்டும். கோபமாக எழுதினால் ‘பாவம், மனைவியை இழந்தவன்’ என்று தள்ளிவிடுவார்கள்.

ஒன்பது வாயில் எழுத்தால் மட்டுமே ஆடுகிற இணைய ஆட்டம். படம் கிடையாது, பகடை கிடையாது. பாக்தாத்திலிருந்து தித்துவான் வரை முந்நூறு பேர் ஒரு கற்பனை நகரத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ்கிறோம். விதிகளை எழுதியவன் நான். ஸ்ஃபாக்ஸில் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

புதிதாக வருபவர் ஒன்பதாம் வாயிலில் நிற்பார். வென்று வென்று முதல் வாயிலுக்கு ஏற வேண்டும். சண்டையில் அடிப்பவர் ஓங்கலாம். பட்டதா இல்லையா என்பதை அடி வாங்குபவர்தான் எழுத வேண்டும். அதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம். பதில் வராவிட்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. பதிலில்லாமல் மூன்று அடி விழுந்தால் மரணம். செத்த பாத்திரம் திரும்பாது.

கடைசி வரியை வற்புறுத்திச் சேர்த்தவனும் நானே.

நவம்பர் 5

மழை. விடைத்தாள்கள். எழுதவில்லை.

நவம்பர் 7

என் மனைவி வசீலாவின் பாத்திரம் ஸுஹா. ஊன்றுகோலோடு நடக்கும் வில்லாளி. “கால் ரெண்டும் நல்லா இருந்தா எல்லாரும்தான் சண்டை போடுவாங்க, வாத்தியாரே” என்றாள், நான் ஏன் என்று கேட்டபோது. அம்பை நாணில் வைத்துக்கொண்டு எதிராளியின் சட்டை அழுக்கைப் பற்றி அரைப்பக்கம் பேசுவாள். எதிராளிகள் சிரித்தே தோற்றார்கள். அப்படியே இரண்டாம் வாயில்வரை ஏறினாள்.

வசீலா போய் இரண்டரை வருடம். அடக்கம் முடிந்த வாரமே ஒரு விதி சேர்த்தேன்: இறந்தவரின் பாத்திரத்தை வாரிசு தொடர்ந்து ஆடலாம். ஒருவரும் எதிர்க்கவில்லை. யார் எதிர்ப்பார்கள்?

ஸுஹாவை நான் எழுதினேன். இரண்டாம் வாயிலில் நிறுத்தி வைத்திருந்தேன்.

நவம்பர் 8

இப்போது குற்றம்.

மொராக்கோவின் தித்துவானில் சுகைனா என்று ஒருத்தி. முகம் பார்த்ததில்லை. ஏப்ரல் 19, புதன், மாலை நான்கு மணிக்கு ஸுஹா மீது மூன்றாவது அடியை ஓங்கினாள். கெடு வெள்ளி மாலை நான்கு. வெள்ளி எங்களுக்கு நோன்புப் பெருநாள். மொராக்கோவில் பிறை தெரியவில்லை. அவர்கள் அன்றும் நோன்பு.

என் விதி சொல்வது: ‘பெருநாளன்று போர் நிறுத்தம்; மணி ஓடாது.’ யாருடைய பிறைப்படி? எழுதவில்லை. நம் நாடுகள் ஒரே நாளில் பெருநாள் கொண்டாடியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அது தெரிந்தும் எழுதவில்லை.

அன்று கல்லறைக்குப் போனேன். மாமியார் வீட்டில் பெருநாள் உப்பு மீனும், வெங்காயமும் திராட்சையும் வேகவைத்த ஷர்மூலாவும் வாயில் வைக்க முடியவில்லை. மன்றத்தைத் திறக்கவே இல்லை. மாலையில் தாஹர் தீர்ப்பு எழுதினான்: ஓங்கியவரின் பிறையே கணக்கு. இறந்தோர் பட்டியலில் ஸுஹா.

சுகைனாவுக்குத் தனிமடல் அனுப்பினேன். இரண்டே சொல்: கல்லறை தோண்டி.

பதில் இல்லை. அதற்கப்புறம் அவள் மன்றத்தில் எழுதவுமில்லை. வேண்டும் அவளுக்கு.

நவம்பர் 11

தாஹரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். அச்சடித்த குற்றச்சாட்டு கையில்.

“வாங்க மச்சான். ஆறு மாசம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? பவர் ஏறியிருக்கும், உக்காருங்க, பாத்துடலாம்.”

“மன்றத்துல போடப்போறேன். உன்னைப் பத்தி.”

“போடுங்க. பிழையில்லாமப் போடுங்க, இல்லன்னா உங்க மானம்தான் போகும்.”

“எவளோ ஒருத்தியோட பிறையப் பிடிச்சுக்கிட்டு அக்காவக் கொன்னியேடா!”

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தான்.

“பிறைய விடுங்க. முதல் ரெண்டு அடி நோன்புக்கு முன்னாடியே விழுந்தாச்சு. அப்ப எந்தப் பெருநாள்?”

“பரீட்சை நேரம்—”

“யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு நடுவருக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டப் பண்ணவரும் நீங்கதான். மூணாவது அடிக்கப்புறம் பதினோரு தடவை திறந்திருக்கீங்க. பதினொண்ணு, மச்சான்! ஒரு வரி எழுதல.”

அவன் நிறுத்தவில்லை.

“ரெண்டு வருஷமா நீங்க எழுதினது ஸுஹா இல்ல. ஒருத்தரையாவது கிண்டல் பண்ணாளா? விரைப்பா நின்னு விதிப்படி அம்பு விட்டா. எல்லாருக்கும் தெரியும். பாவம்னு யாரும் அவகிட்ட சண்டைக்கே வரல. அதனாலதான் அந்த ரெண்டாம் வாயில். சுகைனா என்கிட்ட கேட்டுட்டுதான் ஓங்கினா. ‘வசீலாவோட ஸுஹாவ இப்படிப் பொம்மை மாதிரி நிக்கவெச்சிருக்காங்களே, நான் அடிச்சா அவ ஸ்டைல்ல ஏதாச்சும் சொல்வாளோ’ன்னு. சுகைனா எங்கக்காவோட சிநேகிதி, மச்சான். கடைசி மாசம் பூரா ரெண்டு பேரும் தினம் பேசினாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது.

நவம்பர் 12

பதினொன்று அல்ல. பதினான்கு. கைப்பேசியில் திறந்ததை அவன் எண்ணவில்லை.

நவம்பர் 14

சுகைனாவின் மூன்றாவது அடியை இன்று மறுபடி படித்தேன். நெஞ்சுக்கு ஓங்கவில்லை. ஊன்றுகோலுக்கு ஓங்கியிருக்கிறாள். வசீலாவாக இருந்தால் அதற்கு ஒரு பக்கம் சண்டை பிடித்திருப்பாள். அந்த இடத்தை அவளுக்காகவே காலியாக விட்டிருக்கிறாள்.

அடி வந்த அன்று நான் எழுதியது: ‘ஸுஹா விலகினாள்.’ அழித்தேன். ‘ஸுஹா சிரித்தாள்.’ அழித்தேன். எதைப் பார்த்துச் சிரித்தாள்? என்ன சொன்னாள்? இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று ஒரு வரி தெரியவில்லையே எனக்கு. என்னத்தக் கேட்டேன் அத்தனை வருஷமும்?

வியாழன் மாலை வானொலியில் பிறை அறிவித்தார்கள். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. மணி நின்றுவிட்டது, இனி எழுத வேண்டாம் என்று.

அவளை ஒரு வரியால் காப்பாற்றியிருக்கலாம். விதி காப்பாற்றட்டும் என்று விட்டேன்.

நவம்பர் 15

உறுப்பினர் பட்டியலில் சுகைனா. கடைசி வருகை: ஏப்ரல் 21. என் மடல் போன நாள்.

நவம்பர் 17

வாரிசு விதியைக் காலையில் நீக்கிவிட்டேன். ஸுஹாவை மீட்கும்படி யாரிடமும் கேட்கப்போவதில்லை.

தாஹர் தொலைபேசினான்.

“என்னைப் பத்தின பெரிய கட்டுரை என்னாச்சு?”

“வேற ஒண்ணு போடறேன். சுகைனாகிட்டச் சேர்த்துடு.”

“நீங்களே அனுப்பலாமே மச்சான்.”

“சேர்த்துடு.”

போடப்போவது இந்தப் பக்கங்களை. மூன்றாம் தேதியிலிருந்து இன்றுவரை, ஒரு சொல்லும் மாற்றாமல். தாஹரைத் திட்டியது இருக்கட்டும். அந்த இரண்டு சொல்லும், ‘வேண்டும் அவளுக்கு’ என்றதும் இருக்கட்டும். அவள் மீது தவறில்லை என்று முந்நூறு பேருக்கும் தெரிய வேண்டும்.

எழுதியது யார் என்று முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனாலும் அடியில் பெயர் போடப்போவதில்லை. பெயர் இருந்தால் யாராவது எனக்கு ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள்.