இடப்பக்கம் வளைத்தால் ஏறும்

அக்டோபர் 29

தேங்காப்பட்டணம் துறைமுகம். ஐஸ் ஏற்றியாயிற்று. மதியம் கிளம்புகிறோம், கேரை மீன் பிடிக்க இருபது நாள். சிஜின் மச்சானின் போட்டும் கூட வருகிறது.

அஜிதா அக்கா இரண்டு சோற்றுப்பொதியோடு வந்தாள். ஒன்று அவள் புருஷன் சிஜினுக்கு, ஒன்று எனக்கு. எனக்குக் கூடுதலாக ஒரு புது சார்ஜர் வயர். என் வயரின் கழுத்து பிய்ந்து, கறுப்பு டேப் சுற்றியிருப்பதை வீட்டில் பார்த்திருக்கிறாள்.

"கடலுக்குப் போறவன் இதையாலே கொண்டு போவான்?"

"எஞ்சினீயரிங் படிச்சவனுக்கு ஒரு வயரு ஒட்டத் தெரியாதா? மச்சானுக்குக் குடு."

நாலு பேர் முன்னால் நான் என்ன பச்சைப் பிள்ளையா? மச்சான் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் போட்டில் புயல் செய்தி வாங்கும் கருவி உண்டு. மச்சான் போட்டில் இன்னும் வைக்கவில்லை. செய்தி வந்தால் என் போனில்தான் எழுத்தாகத் தெரியும். போட்டை ஓட்டும் கபிரியேல் மாமா, எங்களோடு வரும் ஜான்ரோசைக் காட்டி, "இவனுக்க போனுலயும் அந்த ஆப்ப ஏத்தி வையிலே" என்றார். கரையில் நெட் இருக்கும்போதே ஏற்றினால்தான் உண்டு. ஒன்று போதும் மாமா என்றேன்.

நவம்பர் 3

வயரை இடப்பக்கம் வளைத்துப் பிடித்தால் ஏறுகிறது. விட்டால் நிற்கிறது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மேலே தூண்டில் பெட்டியைத் தூக்கி வைத்தேன். போட்டு ஆடினால் போச்சு. ஆடாத போட்டு எந்தக் கடலில் இருக்கிறது!

நவம்பர் 5

சார்ஜ் 41 சதவீதம்.

வயர்லெஸில் மச்சான்: "மக்கா, உனக்க புது வயரு எனக்க கிட்டதான் கெடக்கு. போட்டப் பக்கத்துல கொண்டு வந்து தரட்டா?" வேண்டாம் என்றேன். ஜான்ரோஸ் பக்கத்தில் இளித்துக்கொண்டு நின்றான். அதனால்தான்.

நவம்பர் 7

சார்ஜ் துளையில் ஈரம் என்று போன் எச்சரிக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பச்சைக் களிம்பு. உப்புக்காற்று தின்றிருக்கிறது. 19. இனி காலையில் அஞ்சு நிமிஷம் மட்டும் போனைத் திறப்பது என்று முடிவு.

இன்று செய்தி எதுவும் இல்லை. கேரை நல்ல பாடு, தூண்டில் போட்டதெல்லாம் மீன்; எல்லோரும் குஷியாக இருக்கிறார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 8

களிம்பைச் சுரண்ட ஊசியை விட்டேன். துளைக்குள் இருந்த சின்ன நாக்கு முறிந்து ஊசியோடு வந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

செய்தி வந்ததோ, வந்ததோ என்று திறந்து திறந்து பார்த்தே மிச்ச சார்ஜையும் தீர்த்துவிட்டேன். கிறுக்கன்.

நவம்பர் 9

போன் செத்துவிட்டது.

மச்சான் கேட்டார்: "புயல் செய்தி வல்லதும் வந்துதா மக்கா?"

"ஒண்ணும் வரல்ல மச்சான்."

பொய் இல்லை. வரல்லன்னுதான் சொன்னேன். பாக்கல்லன்னு சொல்லல்ல — அவ்வளவுதானே?

நவம்பர் 10

காற்று இல்லை. ஆனால் தெற்கிலிருந்து அலை நீள நீளமாக வருகிறது. காற்றில்லாமல் இது எங்கிருந்து வருகிறது? கபிரியேல் மாமா பீடியை வாயில் வைத்தவர் பற்றவைக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சினீரே, செய்தி இல்லதானே?"

"இல்ல மாமா."

பிறகு வயர்லெஸில் மச்சான். "செய்தி இல்லைன்னா நாங்க இன்னும் மேக்க போயி மறுக்கா ஒரு தடவ தூண்டி போட்டுட்டு வாறோம்."

பொத்தானை அழுத்தினேன். "செரி மச்சான், போயிட்டு வாருங்க" என்றேன்.

நவம்பர் 11, காலை

விடியும்போதே காற்று ஏறிவிட்டது. மாமாவிடம் சொல்லிவிட்டேன். முறிந்த நாக்கை எடுத்துக் காட்டினேன். அடிப்பாருன்னு நின்னேன். அடிக்கல்ல. போட்டை அருகிலிருந்த தீவு ஒன்றை நோக்கித் திருப்பினார். "உனக்க மச்சானக் கூப்பிடுலே" என்றார்.

கூப்பிட்டேன், இரைச்சல்தான். ஜான்ரோசும் தொண்டை அடைக்கக் கூப்பிட்டான். மேற்கே கறுத்துக் கிடக்கு. மாதாவே, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்!

நவம்பர் 16

தீவில் இருக்கிறோம், உயிரோடு. நடுவில் நடந்ததை எழுத வரவில்லை.

படகுத்துறைப் பக்கம் ஒரு போன் கடை. கடைக்காரர் துளையை மாற்றித் தந்தார். இருபது நிமிஷ வேலை. கருவி சேர்த்து வைத்திருந்த செய்திகளெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன. முதல் செய்தி, ஒன்பதாம் தேதி காலை 6.10: 'புயல் உருவாகிறது. உடனே அருகிலுள்ள கரைக்குத் திரும்பவும்.'

மொத்தம் பதினாலு.

நவம்பர் 19

மச்சான் போட்டின் பலகை ஒன்று கிடைத்ததாம். அதில் போனது ஏழு பேர்.

டிசம்பர் 4, இனயம், எங்கள் ஊர்

செய்தி மெஷின் பழுது என்றே கபிரியேல் மாமா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், எனக்காக. அக்காவும் அதை நம்பியிருந்தாள். இன்று வந்து அந்தப் புது வயரைக் கேட்டாள்.

"அவரு உனக்கிட்ட தந்திருப்பாருல்லா? அவருக்க கை பட்டதுன்னு ஒண்ணு எனக்கிட்ட இருக்கட்டும்."

தரவில்லை என்றேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. போனைத் திறந்து ஒன்பதாம் தேதிச் செய்தியைக் காட்டினேன். மெல்ல வாசித்தாள். தேதியை விரலால் தொட்டாள்.

"அப்போ மெஷினு நல்லாத்தான் இருந்ததா?"

"நல்லாத்தான் இருந்தது. எனக்க போனுதான் செத்துக் கெடந்தது."

"அவரு உனக்கிட்ட கேட்டாரா?"

"கேட்டாரு. ரெண்டு நாளும் கேட்டாரு."

"நீ என்னலே சொன்ன?"

"போயிட்டு வாருங்கன்னேன்."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

போன் இப்போது நன்றாக ஏறுகிறது. எந்தப் பக்கமும் வளைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை.