மூடிய கை

ஆவடி,
14.11.1990

அன்புள்ள மாப்பிள்ளை டேவிட்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் என் நெற்றித் தையல் ஆறி வருகிறது. என் மகள் அருள்செல்வி சாப்பிடுகிறாளா? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முகப்பேருக்குப் போய்விட்டீர்கள். மாமனாரிடம் ஒரு வார்த்தை இல்லை.

பூந்தமல்லி கல்யாண வரவேற்பில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவன் நான். நான் கையை மூடினால் வாசிப்பு நிற்க வேண்டும். உங்களைக் கீபோர்டில் உட்காரவைத்த அன்றே இதைச் சொன்னேன். யாரிடமும் படிக்காமல், ரேடியோ கேட்டே இசையமைக்கக் கற்றவன் நான். பாட்டை மெதுவாகத்தான் நடத்துவேன். எவனோ குடிகாரன், "யோவ் கண்டக்டரு, ரைட் சொல்லு, வண்டி நவுரட்டும்!" என்றால், உடனே நீங்கள் தானாகத் தாளம் போடும் ரிதம் பெட்டியை வேகமாகத் தட்டிவிடுவதா? கையை மூடினேன். நீங்கள் நிறுத்தவில்லை. மைக் ஸ்டாண்டால் அடித்தேன். நான் அடித்தது பெட்டியை. உங்கள் கை குறுக்கே வந்தது.

கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு வந்துவிடுங்கள்.

மாமா
ராயப்பன்

முகப்பேர்,
20.11.1990

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

அருள் சாப்பிடுகிறாள். என் சட்டைக்குப் பொத்தானும் அவள்தான் போடுகிறாள்.

மூடிய கைக்கு அர்த்தம் நம் குழுவுக்குத் தெரியும். கீழே நின்றவர்களுக்கு? "இன்னா பெரிசு, கை ஓங்கறியா?" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள். பாட்டு ஓடினால் ஆடப் போய்விடுவார்கள், உங்களை விட்டுவிடுவார்கள் என்றுதான் பெட்டியை ஓடவிட்டேன். சோடா பாட்டில் உங்கள் நெற்றியில் உடைந்தது. எறிந்தவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

முதல் அடியிலேயே பெட்டி கீழே விழுந்துவிட்டது. மேசையில் என் கை மட்டும்தான் இருந்தது. இரண்டாவது அடி எதற்கு, மாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

டேவிட்

ஆவடி,
2.12.1990

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் குழுவில் கேள்வி கேட்கும் பழக்கம் கிடையாது. உங்கள் அத்தையும் இதையேதான் கேட்கிறாள். தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

கிறிஸ்துமஸ் பாட்டுகளை எல்லாம் உங்களுக்காகத் திருத்தி எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வலது கை மட்டும் போதும். இடது கை வேலையைப் பிரகாசம் கிதாரில் பார்த்துக்கொள்வான். இத்தனை வருஷத்தில் எவனுக்காகவும் நான் ஒரு ஸ்வரம் மாற்றியதில்லை. வந்து உட்காருங்கள்.

ராயப்பன்

முகப்பேர்,
15.12.1990

மாமாவுக்கு,

நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இடது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இனி விரியாது என்கிறார் டாக்டர்.

நீங்கள் எழுதியதை வலது கையால் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அருள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இனி எழுதவும் வேண்டாம், வரவும் வேண்டாம். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை, மாமா. என் கை மூடியிருக்கிறது.

டேவிட்