வாளியில் ஊறும் காட்டன் உடுப்பு

ஏனுங்க,

சென்னை ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். தோசைமாவு பிரிட்ஜில் இருக்கிறது. பாப்பா அக்ஷராவுக்குச் சட்னியில் காரம் போட வேண்டாம். பத்து மணிக்கு பையர் ஆபீஸ் ஆள் சாம்பிள் பனியன் பார்க்க வருவார். சாம்பிள் ரூம் சாவி டிவி மேல்.

நாளைக்குச் சென்னைப் போட்டியில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டியவள் நான். என் பையிலிருந்த நீச்சல் உடுப்பை எடுத்து ஒளித்துவிட்டு, முழுக்கை வைத்துத் தைத்த காட்டன் உடுப்பை மடித்து வைத்திருக்கிறீர்கள். கேட்டால், "நம்ம சொந்தக்காரங்க போட்டோவுல பாத்தா என்ன நெனைப்பாங்க கண்ணு" என்கிறீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் இறங்கினேன். நாலு சுற்று நீந்துவதற்குள் கையைத் தூக்க முடியவில்லை. பதினெட்டு வருஷமாகப் பனியன் கம்பெனி நடத்துகிற உங்களுக்கு, காட்டன் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? சாயப்பட்டறையில் ஈரத்துணியை இரண்டு ஆள் சேர்ந்து தூக்குவதை நீங்கள் பார்த்ததே இல்லையா? சொந்தக்காரர்கள் கண்ணுக்குப் பயந்து என்னை மூழ்கடிக்கப் பார்த்தீர்கள்.

என் உடுப்பை சாம்பிள் ரூம் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் நீந்துவேன்.

சுகுணா

அக்ஷராவுக்கு மத்தியானம் தயிர்சாதம் போதும்.

இன்னொன்று. நீங்கள் தைத்தது பாத்ரூம் வாளியில் ஊறுகிறது. ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். அதற்கப்புறம் வரத் தோன்றினால், நாளை மதியம் ஓட்டம் முடிகிற இடத்தில் வந்து நில்லுங்கள். வரும்போது ஒரு துண்டு கொண்டுவாருங்கள். காட்டன் துண்டு. காட்டன் அதற்குத்தான்.