அப்பா உதைத்த சுவர்

ஜூன் 3, திங்கள்

ஆற்றுப் பாலம் இடிந்தது, என் மனைவி போய்ச் சேர்ந்தது, அக்காவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தது, எல்லாம் இந்த ஒரே வருஷத்தில். பாலத்தை மட்டும் திரும்பக் கட்டுகிறார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதி, தேதியும் போடும் என்று பக்கத்துத் தெரு நர்ஸம்மா காட்டிவிட்டுப் போனாள். அக்காவுக்கு என்ன ஊட்டினேன், உள்ளே போனதா வெளியே வந்ததா என்று சொல்லி வைக்க வேண்டுமாம். வீட்டுப் பேச்சு பேசினால் கன்னாபின்னாவென்று எழுதித் தொலைக்கிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி சொல்கிறேன்.

செய்தி: கஞ்சி கொடுத்தேன். என் சட்டையில் துப்பினாள். வாய் குழறுகிறது, திட்டு மட்டும் தெளிவாக வருகிறது. "இதக் கொண்டுபோய் ஓட்டைய அடைடா கோணல்."

ஜூன் 5, புதன்

கோணல் என்பது நான். அப்பா வைத்த பேர்.

அப்பா பெரிய கொத்தனார். எனக்கு மீசை அரும்பிய வயதில், முதல் முறையாக ஒரு சுவரைத் தனியாகக் கட்டச் சொன்னார். எதிர்ச் சுவர் அண்ணனுக்கு. சாயங்காலம் வந்தார். நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு என் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு காலால் ஓர் உதை. கலவை ஈரம், அப்படியே சரிந்தது. "கோணல்" என்றார். அவ்வளவுதான். கம்பி கட்டுகிறவன் சிரித்தான், சித்தாள் சிரித்தாள், அண்ணன் சிரித்தான். சோறு கொண்டுவந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கே தவறினேன் என்று யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். சுவருக்கு இரண்டு முகம். நான் ஒரு முகத்தில் மட்டும் குண்டு பிடித்திருந்தேன். அதன்பின் ஆயுசு முழுக்க இரண்டு முகமும் பார்த்துத்தான் கட்டினேன். என் சுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

ஒரு கிழவிக்கு ஊட்ட மட்டும் வக்கில்லை.

ஜூன் 8, சனி

"தண்ணியா குடுத்தா மூச்சுக்குழாய்ல போயிரும், கெட்டியா குடுங்க" என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். எனக்கா கெட்டி தெரியாது? கலவை குழைத்தே காய்ப்பேறிய கை. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவந்தேன்.

அக்காவுக்கு அடைத்துக்கொண்டது. முகம் நீலம். கண் பிதுங்கி என்னையே பார்த்தது. புரட்டிப்போட்டு முதுகில் குத்தினேன். ஒரு கட்டி தெறித்து விழுந்தது.

நர்ஸம்மா ஓடிவந்து கிண்ணத்தைப் பார்த்தாள். "ஐயா, ஊட்டுறீங்களா, பூசுறீங்களா?"

ஜூன் 9, ஞாயிறு

அக்கா மகள் வெளியூரிலிருந்து பேசினாள். நர்ஸம்மா சொல்லிவிட்டாள் போல.

"மாமா, முடியலன்னா ஒத்துக்குங்க. உங்க வயசுக்கு உங்களையே ஒருத்தர் பாக்கணும். மாசக் கடைசில எடை பாப்பாங்க. இன்னும் இறங்கியிருந்தா அம்மாவ முதியோர் இல்லத்துல சேத்துடுறேன்."

முடியும் என்றேன். முடியுமா? அந்த இல்லத்துக்குப் போன யாரும் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை. அக்காவும் போய்விட்டால் இந்த வீட்டில் என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

ஜூன் 12, புதன்

துப்பினாள்.

ஜூன் 14, வெள்ளி

வாயத் தொறக்க மாட்டேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டா. தின்னா தின்னு, இல்லன்னா செத்துத் தொலைன்னு சொல்லிட்டேன். கிண்ணத்தத் தூக்கி எறிஞ்சேன். செவுரெல்லாம் கஞ்சி. எதுக்குச் சொன்னேன்? அவ ஒண்ணும் அழல. "அச்சு அசல் அப்பாடா நீ"ன்னா.

செவுத்தத் தொடைக்கக் குனிஞ்சேன், நிமிர முடியல.

ஜூன் 15, சனி

அவள் வாய் நாறியது. சுத்தம் செய்யலாம் என்று விரலை விட்டேன். இடது கன்னத்துக்குள் கஞ்சி பொதிந்து கிடக்கிறது. நேற்றையதோ முந்தாநாளையதோ, புளித்துப் போய். அந்தப் பக்கம் அவளுக்கு உணர்வே கிடையாது. நிறைந்து தொண்டைக்கு வழியும்போது துப்புகிறாள். கொழுப்பில் துப்பியதும் உண்டு, அது வேறு.

நான் தினமும் அந்த இடது பக்கமே உட்கார்ந்து ஊட்டியிருக்கிறேன். நாற்காலி அங்கே கிடந்தது, அதனால். ஒரு முகம் மட்டும் பார்த்திருக்கிறேன். நான்!

கட்டிலை இழுத்துப் போட்டு வலது பக்கம் இடம் பண்ணினேன். கெட்டியும் இல்லாமல் தண்ணியும் இல்லாமல், அரைக் கரண்டி. மோவாய் தாழ்ந்து இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டேன். விழுங்கியதும் இடது கன்னத்தில் விரல் விட்டுப் பார்த்தேன். காலி.

"உப்பு இல்ல" என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

எடை ஏறியிருக்கிறது. அக்கா மகள், "சரி மாமா, அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கரண்டியோடு உட்கார்ந்து அக்காவிடம் பெருமை அடித்தேன். "அப்பா அன்னிக்கு உதைக்கலன்னா இதெல்லாம் எனக்கு எப்படிக்கா தெரியும்? அந்தக் கோணச் செவுருதான் என்ன ஆளாக்குச்சு."

விழுங்கி முடிக்கும்வரை என்னையே பார்த்தாள்.

"அந்தச் செவுரு நேராத்தான்டா இருந்துச்சு."

"என்னது?"

"அப்பா குண்டு பிடிச்சப்ப பக்கத்துல நின்னவ நான். ரெண்டு மொகமும் பிடிச்சாரு. நூல் இம்மிகூட வெலகல. அண்ணன் செவுருதான் கோணல்."

"அப்புறம் ஏன் என்னோடத உதைச்சாரு?"

"ஆளுங்க அத்தன பேரும் நிக்கிறாங்க. உன்னோடது நேரா நின்னா எதிர்ல அவன் கோணல் தெரிஞ்சிரும். மூத்தவன் மானம் போயிருமே."

"நீ சிரிச்சியேக்கா."

"நீ முழிச்ச முழி அப்படி. சிரிச்சேன்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. ம்... அடுத்த வாய் குடு."

கொடுத்தேன். கரண்டி சாய்ந்தது. கழுத்தெல்லாம் வழிந்தது. "கோணல்" என்றாள்.

ஜூன் 30, ஞாயிறு

பொய்யாகவும் இருக்கலாம். என்னைக் கடிக்க வேறு பல் இல்லாமல் இதைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் அவள் துணிந்தவள்தான். நிஜமா என்று மறுபடி கேட்டேன். வாய் வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம் சும்மா இருந்தது. எதை நம்புவது?

வேறு யாரிடம் போய்க் கேட்க? அப்பா போயாச்சு. அண்ணன், தான் கட்டிய படியிலேயே வழுக்கி விழுந்து போனான். சித்தாள் இருமி இருமிப் போனாள். கம்பி கட்டுகிறவன் பாலத்தோடு போனான்.

அடுப்பில் கஞ்சி இருக்கிறது. இன்று உப்பு போட்டேன். பதம் பார்த்துக் கொண்டுபோக வேண்டும். அடைத்துவிடக் கூடாது. அந்தச் சுவரைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அக்கா.