ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்கா உள்ளே போகிறார்

வியாழன் இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

முதுகலை ஆய்வுக்காக இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊரில் இன்றும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். தெருக்குழாயில் பல வாரமாகத் தண்ணீர் இல்லை. ஊர்க்கூட்டத்தில் சொல்லலாமே என்றேன். அங்கே குடும்பத் தலைவர்கள்தான் உட்காரலாம், அதாவது ஆண்கள், என்றார்கள்.

செல்வி அக்காவின் கணவர் கடலில் இறந்துவிட்டார். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறார். அவரிடம் கேட்டேன்: "உங்க வீட்டுல யாருக்கா தலைவர்?"

"நாந்தான். ஊர்வரியும் நாந்தான் குடுக்கேன்."

"அப்போ நீங்க உட்காரலாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"வரி வாங்க வரும்போ நான் தலைவி, கூட்டத்துக்கு மட்டும் பொம்பளையா? ஞாயித்துக்கிழமை நான் உள்ள போய் இருக்கப்போறேன்."

"நாற்காலி தரமாட்டாவ யக்கா," என்றார் பக்கத்து வீட்டு மேரி.

"தரையில இருப்பேன். ஏட்டி, சந்தையில நாற்காலி போட்டா மீன் விக்கேன்?"

உரிமை என்ற சொல்லை இரண்டு வருடமாக வகுப்பில் எழுதுகிறேன். ஒருவர் அதைக் கையில் எடுப்பதை இன்றுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது எனக்குத்தான் பயம் வந்தது. "ஊர்ல ஒதுக்கி வச்சிட்டா என்னக்கா செய்வீங்க?"

"நீ படிப்பு முடிஞ்சு போயிருவ மக்கா. நான் இங்கதான இருக்கணும். அதுக்குத்தான் போறேன்."

மேரி அக்காவும் கூடப் போகிறாராம். நடுவில் இன்னும் வெள்ளியும் சனியும் கிடக்கின்றனவே.