குதிரையின் வெளிறிய காது

ரொறன்ரோ
புரட்டாதி, 1974

என் அருமை மச்சானுக்கு,

நீ பார்க்கத் துடித்த சீனப் புதைபொருட்கள் ஒருவழியாக நம் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. பச்சைக்கல் வில்லைகளைப் பொற்கம்பியால் தைத்த இளவரசியின் சவ உடையைப் பார்க்க, வீதிவரை சனம் வரிசையில் நிற்கிறது. மாசிப் பனியில் ஒஷாவா வீதியில் உன் கார் சறுக்கி உன்னைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் முதல் ஆளாக நீ நின்றிருப்பாய்.

நம் பழுதுபார்க்கும் அறையில் நீ கடைசியாக ஒட்டிய, அருங்காட்சியகத்தின் சொந்த மண்குதிரை நினைவிருக்கிறதா? ஆயிரம் வருடங்களுக்கு முன்பு யாரோ ஒரு சீனரின் கல்லறையில் துணைக்கு வைத்தது. ஒரு காது கிடைக்கவில்லை என்று பிளாஸ்டரில் நீயே செய்து ஒட்டினாய். பார்ப்பவரை ஏமாற்றக் கூடாதென்று நிறத்தைச் சற்று வெளிறலாக விட்டாய். "உண்மைக் காது வந்தா என்ர காதைக் கழட்டு மச்சான், கோவிக்கமாட்டன்" என்று சிரித்தாய்.

வந்துவிட்டது மச்சான். வேறொரு பெட்டியில் ஓட்டுத்துண்டுகளோடு கலந்து கிடந்தது. கழற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

உன் காதின் பின்புறத்தில், ஈரம் காயுமுன் நீ அழுத்திய பெருவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. அதைத் தேய்க்க மறந்ததற்கு உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! உன் மனைவியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தங்கைதானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அதை அப்பிடியே விட ஏலாதோ? அவரின்ர கை பட்டது எண்டு இனி வேற என்ன இருக்கு?" என்றாள்.

குதிரைக்கு அதன் காதைக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்தேன். பிறகு வருபவன் கழற்றக்கூடிய பசையைத்தான் நீ போட்டிருந்தாய், உடனே இளகிவிட்டது. ஏனடா இவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாய்? கொஞ்சமாவது முரண்டு பிடித்திருக்கக் கூடாதா? மேசையிலேயே அழுதுவிட்டேன்.

கழற்றியதையும் எறியக் கூடாது என்பது நம் அறையின் வழக்கம். உன் காதுக்கும் இலக்கம் எழுதினேன். பெட்டியில் வைக்குமுன் தங்கையைக் கூட்டிவந்து காட்டினேன். ரேகைக் குழியில் தன் பெருவிரலை வைத்தாள். குழி அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"சில்லெண்டு கிடக்கு, அண்ணா" என்றாள். விரலை எடுக்கவில்லை.

அந்தப் பெட்டி என் கையில் இருக்கும்வரை, அவள் கேட்கும் நேரமெல்லாம் திறந்து காட்டுவேன். அந்த ரேகையில் தூசி படிய விடமாட்டேன், மச்சான்.

உன் மனைவியின் அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்