கூரை திறந்தே கிடக்கட்டும்

ஆகஸ்ட் 17

எல்லாம் போயிற்று. நேற்று தக்காளி இலைகளில் பழுப்புப் புள்ளிகள். இன்று காய்களே கறுத்துத் தொளதொளத்துவிட்டன. ஒன்றைப் பறித்தேன், விரல் உள்ளே போய்விட்டது. பால் தொழிற்சாலை ஆய்வகத்தில் கெட்டுப்போன பாலை முகர்ந்தே கண்டுபிடித்த மூக்கு என்னுடையது. அதற்கே இந்த நாற்றம் தாங்கவில்லை. வாளி வாளியாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினேன்.

வடருஷ்யாவில், இந்த வோலோக்தா மழையில், பசுமைக்குடில் இல்லாமல் தக்காளி போட்டால் இதுதான் கதி. எங்கள் பழைய குடில் பிப்ரவரியில் விழுந்தது. அதன் மேலிருந்த பனியைத் தள்ளத்தான் என் கணவன் வாதிம் நகரத்திலிருந்து தனியாக இந்தத் தோட்ட வீட்டுக்கு வந்தான். ஒரு பக்கம் தள்ளி முடிந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அடுத்த தோட்டத்துக் கிளாவா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்காவிட்டால்— எழுத வேண்டாம். முட்டிவலியோடு அவள்தான் அவனைச் சறுக்குவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு போனாள். தள்ளாத பக்கத்துப் பனி குடிலை ஒருபக்கமாகச் சாய்த்து அமுக்கிவிட்டது.

அந்த மனிதன் இன்று வேலியோரம் நின்று சொல்கிறான்: "அடுத்த வருஷத்துக்கு மறுபடியும் வளைவுக் குடிலே வாங்கிடலாம் ரிம்மா. அதுதான் மலிவு. பனியை நான் வந்து தள்ளிக்கிறேன்."

கையில் அழுகிய தக்காளி இருந்தது. எறியவில்லை. ஏன் எறியவில்லை?

ஆகஸ்ட் 24

நெடுஞ்சாலையோரக் கடை. வரிசையாகக் குடில்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விற்பனையாளன் தலையில் அப்பியிருந்த வாசனை எண்ணெய் என் தொண்டைவரை வந்தது. வளைவுக் குடிலின் குழாயை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தேன். புத்தாண்டு விருந்தில் வைக்கும் இறைச்சி ஜெல்லி போல முழுசும் ஆடியது.

"பனி தாங்குமா?"

"தாங்கும்மா! பதினஞ்சு நாளுக்கொரு தடவை வந்து தட்டிவிட்டாப் போதும்."

"குளிர்காலத்துல யாரும் வர மாட்டோம்."

"நடுவுல நாலு முட்டுக் கொடுத்துடுங்க. அப்புறம் என்ன, வீட்டுக்காரர் இருக்கார்ல? சிங்கம் மாதிரி இருக்காரு."

சிங்கம் நெஞ்சை நிமிர்த்தியது. அந்த நெஞ்சுக்குள் என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரிந்த கூரைக் குடிலையும் பார்த்தேன். பனி தானாக வழுக்கிவிடும் என்றான். வழுக்கி எங்கே போகும்? சுவரோரம் குவிந்து பக்கத்தை நெரிக்கும். அதையும் யாராவது வாரித்தான் ஆகவேண்டும்.

கடைசியில், மூலையில் ஒன்று. கூரைத் தகடுகள் தடத்தில் சறுக்கிப் பக்கவாட்டில் இறங்குகின்றன. குளிர்காலம் முழுக்கத் திறந்தே விடலாம். பனி நேராகப் பாத்தியில் விழும். எப்படியும் வசந்தத்துக்கு மண் நனையட்டும் என்று எல்லோரும் குடிலுக்குள் பனியை வாரிக் கொட்டுகிறவர்கள்தானே? கூரையிலிருந்து தள்ளு, பிறகு வாசல் வழியாக உள்ளே வாரிப் போடு. இதில் இரண்டு வேலையுமே இல்லை.

விலை அதிகம். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 25

வாதிமின் தம்பி எதிக் சாப்பிட வந்தான். ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடிக்குள் முள்கரண்டியை விடாமல் கையை விட்டான். மணிக்கட்டுவரை.

"கூரை இல்லாத குடிலா அண்ணி? காற்சட்டை போடாத மாப்பிள்ளை மாதிரி இருக்கும்."

"குளிர்காலத்துக்கு மட்டும்தான் திறக்கறது."

"அண்ணனுக்கும் உடம்பு அசையணும்ல? டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கார்."

வாதிம் சிரித்தான். இருவர் தாடையிலும் ஊறல்நீர் வழிந்தது. மிச்ச ஜாடியை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன்.

செப்டம்பர் 2

சண்டை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்: "வாங்கு, வளைவே வாங்கு. உன் சாவுச் சாப்பாட்டுக்குத் தக்காளி ஆகும்."

அவன் மேசைமேலிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டினான். பிறகு, "சரி. உன் இஷ்டம்" என்றான். இஷ்டமாம்!

செப்டம்பர் 15

குடில் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடவில்லை. வாதிம் சுற்றிச் சுற்றி வந்து குறை தேடினான். கதவு கிறீச்சிடுகிறதாம்.

அக்டோபர் 13

கூரையைத் திறந்துவிட்டு நகரத்துக்குத் திரும்பினோம்.

ஜனவரி 11

கிளாவா போன் செய்தாள்.

"ரிம்மா, கூரையை ஏன் மூடிட்டீங்க? மேல முழங்கால் உசரத்துக்குப் பனி நிக்குது."

"யார் மூடினது?"

"எதிக்தான். நவம்பர்ல உங்க நிலவறையில இருந்து உருளைக்கிழங்கு எடுக்க வந்தாரே. நீங்க சொல்லி அனுப்பினதுன்னு நெனச்சேன். நான் போய் இழுத்துப் பார்த்தேன், தடமெல்லாம் ஐஸ். அசையல."

எதிக்கைக் கூப்பிட்டேன்.

"நல்லதுக்குத்தான் அண்ணி செஞ்சேன். வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"இப்பவே போய்த் தள்ளு."

"சனிக்கிழமை பார்ப்போம். வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்கு."

அவன் எதையோ மென்றுகொண்டே பேசினான்.

திரும்பினால் வாதிம் கம்பளிப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறான். எங்கள் கார் சாவியை எடுத்து முட்டைக்கோஸ் ஊறுகிற பானைக்குள் போட்டேன்.

"கூரை விழுந்துடும் ரிம்மா."

"விழட்டும்."

"நீ கேட்டு வாங்கின குடில்."

"விழட்டும்னா விழட்டும்!"

ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஜனவரி 14

விழுந்துவிட்டது. சனிக்கிழமைக்குக்கூட அது காத்திருக்கவில்லை. கிளாவா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாளாம். கேட்டதும் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. சீ, என்ன நிம்மதி இது? பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வாதிமிடம் சொன்னேன். பூட்ஸைத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

மார்ச் 9

ஜன்னல் முழுக்கத் தக்காளி நாற்று. எதற்கு விதைத்தேன்? மறுபடியும் குழியில் கொட்டவா?

எதிக் கூச்சமே இல்லாமல் வந்தான், கையில் வளைவுக் குடில் விளம்பரத்தோடு. "வசந்தத் தள்ளுபடி அண்ணி. முட்டுக் கொடுக்கற கம்பு இலவசம்." நேராக ஜாடியைத் திறந்து கையை விட்டான்.

வாதிம் அந்தத் தாளை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினான். போனை எடுத்து எண்களை அழுத்தினான்.

"போன வருஷம் உங்ககிட்ட ஒரு குடில் வாங்கினோம். கூரை சறுக்குமே, அது. ஆமா, அதேதான் மறுபடியும் வேணும். ஒண்ணு கேக்கணும். கூரையைத் திறந்து வெச்சுப் பூட்டுப் போட வழி இருக்கா? ... இல்லைங்க, திருடனுக்கு இல்லை. தம்பிக்கு."

எதிக்கின் கை ஜாடிக்குள்ளேயே நின்றது.

ஆகஸ்ட் 21

ஊரெல்லாம் கறுப்புநோய். கிளாவாவின் பாத்தி நாறுகிறது. எங்கள் குடிலுக்குள் போய் மூச்சை இழுத்தேன். தக்காளி இலை வாசனை மட்டும்தான்.

அக்டோபர் 12

கூரையைத் திறந்தோம். திறந்தபடியே வாதிம் பூட்டினான். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான், நான் கேட்காமலே.

டிசம்பர் 6

இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. விடிந்தபோது வாதிம் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான். என் பார்வை தானாக அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. பூட்ஸ் அங்கேயே இருந்தது.

"நல்லா விழுது" என்றான். "விழட்டும், பாத்திக்கு நல்லது."

தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.